கிரிம்ஸ்பி மைதானம் கிரிம்ஸ்பியில் இல்லை: வெளியூர் மேட்சுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிரிம்ஸ்பி டவுன் என்று ஒரு கால்பந்து அணி. அதன் மைதானத்துக்குப் போக, கிரிம்ஸ்பி டவுன் என்று பலகை வைத்திருந்த ரயில் நிலையத்தில் இறங்கினேன். இதில் என்ன தப்பு என்று கேட்பீர்களானால், நீங்களும் என்னைப் போலவே மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள். அணியின் பெயரில் கிரிம்ஸ்பி இருக்கிறதே தவிர, பிளண்டெல் பார்க் மைதானம் இருப்பது பக்கத்து ஊரான கிளீத்தோர்ப்ஸில். அன்றைக்கு மழையில் முக்கால் மணி நேரம் நடந்து, நனைந்த கோழி மாதிரி உள்ளே நுழைந்தபோது ஆட்டம் தொடங்கி 20 நிமிடம் ஆகியிருந்தது.

இத்தனைக்கும் என் அணி பார்னெட். அதுவும் பார்னெட்டில் ஆடுவதில்லை. ஹாரோ பக்கம், கேனன்ஸ் பார்க் ரயில் நிலையத்துக்கு அருகே ஆடுகிறது. நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற பகுதி என்பதால்தான் எனக்கு அந்த அணியே பழக்கமானது. அது தெரிந்தும் கிரிம்ஸ்பியில் ஏமாந்தேன்.

பிரீமியர் லீக் டிக்கெட் கைக்கு எட்டாமல் லீக் டூ பக்கம் ஒதுங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லீக் டூ என்பது இங்கிலாந்தின் நான்காம் அடுக்கு. 24 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 46 ஆட்டங்கள், அதில் பாதி வெளியூரில். அப்படி நம் அணியோடு வெளியூர் போய், நமக்கென்று ஒதுக்கிய மூலையில் இருந்து கத்துகிறவர்தான் 'அவே' ரசிகர். ஆட்டம் 90 நிமிடம்தான், அதைப் பார்க்க எந்தத் திறமையும் வேண்டாம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள பத்து மணி நேரத்தில்தான் காசும் மானமும் போகும். உதாரணத்துக்குக் கிரிம்ஸ்பியையே எடுத்துக்கொள்கிறேன், லண்டனிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களுக்கும் முக்கால்வாசி இதுவே பொருந்தும்.

1. தேதியை உடனே நம்பாதீர்கள்

ஆட்ட அட்டவணை ஜூன் கடைசி வாக்கில் வந்துவிடும். எல்லாம் சனிக்கிழமை மதியம் 3 மணி என்று அழகாக இருக்கும். அதைப் பார்த்ததும் ரயில் டிக்கெட் போட்டுவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும், பொறுங்கள். டிவிக்காக ஆட்டத்தை மதியம் 12:30க்கு மாற்றுவார்கள், சில சமயம் நாளையே மாற்றிவிடுவார்கள். லீக்குக்கு வெளியே தனியாக நடக்கும் எஃப்.ஏ. கோப்பையில் இரண்டு அணிகளில் ஒன்று முன்னேறிப்போனாலும் ஜனவரி, பிப்ரவரியில் அதே நாளில் இருக்கும் லீக் ஆட்டம் ஒரு செவ்வாய் இரவுக்குத் தள்ளிப்போகும். தன் நாட்டு அணிக்கு மூன்று வீரர்கள் அழைக்கப்பட்டாலும் லீக் டூ அணி ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். குளிர்காலத்தில் தரை உறைந்துவிட்டது, தண்ணீர் தேங்கிவிட்டது என்று அன்று காலையில்கூட ரத்தாகும்.

ஆட்டம் தள்ளிப்போனால் மேட்ச் டிக்கெட் பெரும்பாலும் புதிய தேதிக்குச் செல்லும், வேண்டாம் என்றால் பணம் திரும்பக் கிடைக்கும். ரயில் டிக்கெட் அப்படியில்லை. மலிவான 'அட்வான்ஸ்' டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது. ரயில் கிளம்புவதற்கு முன் வேறு தேதிக்கு மாற்றலாம், அதற்கும் டிக்கெட்டுக்கு 10 பவுண்டு வரை கட்டணமும் விலை வித்தியாசமும் கேட்பார்கள். ஆகவே டிவி ஆட்டங்களின் பட்டியல் வந்த பிறகு ரயிலைப் போடுங்கள். அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு அணிகளின் சமூக ஊடகப் பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள், ஜனவரியில் பல் துலக்குவதற்கு முன்பே பாருங்கள்.

2. மேட்ச் டிக்கெட்டை உங்கள் அணியிடமே வாங்குங்கள்

இதுதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிற இடம். ஆட்டம் கிரிம்ஸ்பியில் என்றால் கிரிம்ஸ்பியின் தளத்தில் போய் டிக்கெட் வாங்குவதுதானே நியாயம் என்று தோன்றும். அங்கே வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது உள்ளூர் ரசிகர்களுக்கு நடுவே ஓர் இருக்கை. முதல் வருடம் வேறொரு ஊரில் நான் செய்த காரியம் இது. பார்னெட் மஃப்ளரைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, எங்கள் அணி கோல் போட்டபோது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அவருக்குத் தெரிந்துவிட்டது. நல்ல மனிதர், விட்டுவிட்டார். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். உள்ளூர் பகுதியில் எதிரணிச் சட்டையோடு இருந்தால், நீங்கள் வம்பே செய்யாவிட்டாலும் ஸ்டூவர்டுகள், அதாவது கூட்டத்தைக் கவனிக்கிற மைதானப் பணியாளர்கள், வெளியே அனுப்பலாம், பணமும் வராது.

சரியான வழி இதுதான். உங்கள் அணியின் டிக்கெட் தளத்தில் பெயரும் மின்னஞ்சலும் கொடுத்து ஒரு கணக்குத் தொடங்குங்கள், அதற்குச் செலவில்லை. 'அவே' ஆட்டங்கள் என்று தனிப் பகுதி இருக்கும். ஆட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பு விற்பனை தொடங்கும். லீக் டூவில் பெரும்பாலான ஆட்டங்களுக்குச் சீசன் டிக்கெட், உறுப்பினர் அட்டை எதுவும் வேண்டியதில்லை. விலை பொதுவாக 20 முதல் 30 பவுண்டுக்குள் இருக்கும். மாணவர், 65 வயதைத் தாண்டியவர், சிறுவர்களுக்குக் குறைவு. இன்னொரு விஷயம், ஒரே தரமான இடத்துக்கு வெளியூர்க்காரரிடம் உள்ளூர்க்காரரைவிட அதிகம் வாங்கக்கூடாது என்று லீக் விதியே இருக்கிறது.

விற்பனை பெரும்பாலும் முந்தின நாளோடு மூடிவிடும். அதற்குப் பிறகு மைதானத்தில் நேரில் வாங்க முடியுமா என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், சில இடங்களில் அன்றைக்கு வாங்கினால் இரண்டு மூன்று பவுண்டு கூடுதல். சமூக ஊடகத்தில் யாரோ 'ஒரு டிக்கெட் இருக்கிறது' என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அணியின் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை விற்பது இங்கிலாந்தில் குற்றம். விற்றவன் தப்பித்துவிடுவான், வாசலில் நிற்கப்போவது நீங்கள்தான்.

3. ரயிலா, ரசிகர் பஸ்ஸா

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து டான்காஸ்டர் வரை ஒரு ரயில், அங்கே மாறி டிரான்ஸ்பென்னைன் நிறுவனத்தின் ரயிலில் கிளீத்தோர்ப்ஸ். மாறுகிற நேரத்தையும் சேர்த்து மூன்று, மூன்றரை மணி நேரம். இரண்டாவது ரயில் பொதுவாக மணிக்கு ஒன்றுதான் என்பதால், டான்காஸ்டரில் ஐந்து நிமிட இடைவெளியில் மாறுகிற மாதிரி புத்திசாலித்தனமாகத் திட்டம் போடாதீர்கள். முதல் ரயில் ஆறு நிமிடம் தாமதமானால் அடுத்த ஒரு மணி நேரம் நடைமேடையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அட்வான்ஸ் டிக்கெட் ஏறக்குறைய 12 வாரத்துக்கு முன்பு விற்பனைக்கு வரத் தொடங்கும். ரயில்கார்டு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். கார்டுக்கு வருடத்துக்கு 35 பவுண்டு, இரண்டு மூன்று பயணத்தில் அந்தக் காசு திரும்பிவிடும். 16-25 கார்டு, குடும்பக் கார்டு, இருவர் சேர்ந்து பயணிக்கும் கார்டு என்று பல வகை உண்டு. லண்டன்காரர்கள் வைத்திருக்கும் நெட்வொர்க் ரயில்கார்டு தென்கிழக்குப் பகுதிக்கு மட்டும்தான், டான்காஸ்டர் வழிக்குச் செல்லாது. கார்டோடு நான் முன்கூட்டிப் போட்டபோது போக வர 50 பவுண்டை ஒட்டி முடிந்தது. கடைசி வாரத்தில் போட்டபோது அதைப்போல் இரண்டு மடங்கு ஆனது, அந்தக் கணக்கு வீட்டில் இன்னும் தெரியாது.

அட்வான்ஸ் டிக்கெட்டில் எழுதியிருக்கிற ரயிலில்தான் ஏற வேண்டும். அதைவிட முந்தின ரயில் காலியாகப் போகிறதே என்று ஏறினால் புது டிக்கெட் வாங்க வேண்டிவரும்.

ரசிகர் சங்கம் ஏற்பாடு செய்கிற பஸ் இன்னொரு வழி. பெரும்பாலும் ரயிலைவிட மலிவு, மைதான வாசலிலேயே இறக்கிவிடும், ஆட்டம் முடிந்ததும் அங்கிருந்தே ஏற்றிக்கொள்ளும். புதியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் வண்டியில் இருக்கிற பழைய ஆட்கள் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார்கள். ஒரு கண்டிப்பு: மேட்சுக்குப் போகிற பஸ்ஸில் மதுவைக் கொண்டுபோகவும் கூடாது, போதையில் இருக்கவும் கூடாது. 1985லிருந்து சட்டம் அது, டிரைவர் சொல்கிற விதி இல்லை.

செவ்வாய் இரவு 7:45 ஆட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பஸ்தான். ஆட்டம் முடிய கிட்டத்தட்ட 9:40 ஆகிவிடும், அதற்குப் பிறகு லண்டனுக்கு ரயில் கிடைக்காது. இல்லாவிட்டால் கடற்கரை விடுதியில் ஒரு ராத்திரி தங்குங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

மேட்ச் டிக்கெட் இப்போதெல்லாம் கைபேசியில்தான். அதை முந்தின இரவே இறக்கி, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் இடத்தில் வாசலில் நின்று மின்னஞ்சலைத் தேடினால் இணையம் காலை வாரிவிடும். ரயில்கார்டு, அதோடு சலுகை டிக்கெட் என்றால் அதற்கான சான்று, அதாவது மாணவர் அட்டையோ வயதைக் காட்டும் ஏதாவது ஒன்றோ. மகளுக்குச் சிறுவர் டிக்கெட் எடுத்துவிட்டு வயதுச் சான்றை மறந்து வந்த ஒருவர் வாசலில் முழு விலைக்கு மாற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வங்கி அட்டை கட்டாயம், பல மைதானங்களில் காசு நோட்டு வாங்குவதே இல்லை. பாஸ்போர்ட்டை எல்லாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

பை சிறியதாக இருக்கட்டும். ஏ4 தாள் அளவுக்கு மேல் போனால் பல இடங்களில் உள்ளே விடுவதில்லை, பையை வைத்துக்கொள்ள இடமும் தர மாட்டார்கள். பெரிய குடை வேண்டாம், தொப்பி வைத்த மழைச்சட்டை போதும். பிளண்டெல் பார்க் ஹம்பர் கழிமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அந்தக் காற்றைப் பற்றி எழுதிப் புரியவைக்க முடியாது. இரண்டு ஜோடி சாக்ஸ், கையுறை, உள்ளே ஒரு தெர்மல். செப்டம்பரிலும்தான்.

5. ஊருக்குள்

டிரான்ஸ்பென்னைன் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை, அதாவது கிளீத்தோர்ப்ஸ் வரை உட்கார்ந்திருங்கள். கிரிம்ஸ்பி டவுன் நிலையம் வந்ததும் வண்டியில் பாதி ஆட்கள் இறங்குவார்கள், உங்களுக்கும் கால் பரபரக்கும், இறங்காதீர்கள். அங்கிருந்து மைதானம் இரண்டு மைலுக்கு மேல். ரயில் மறுபடி நகர்ந்து சில நிமிடத்தில் வலது பக்க ஜன்னலில் மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் தெரியும். மைதானத்தை ஒட்டியே தண்டவாளம் போகிறது, ஆனால் நிற்காது. நியூ க்ளீ என்று ஒரு குட்டி நிலையம் பக்கத்தில் உண்டு, அங்கே உள்ளூர் ரயில்கள் சில மட்டும், அதுவும் கேட்டால்தான் நிற்கும். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். கிளீத்தோர்ப்ஸிலிருந்து கிரிம்ஸ்பி ரோடு வழியாகத் திரும்பி நடந்தால் 20, 25 நிமிடம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே கடற்கரை. கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பேர்போன ஊர், அணியின் ரசிகர்கள் ரப்பர் மீனை ஊதித் தூக்கிக்கொண்டு வருவார்கள். சாப்பிடாமல் போகக்கூடாது. இங்கே ஹேடக் மீன் கேளுங்கள், காட் மீனை இந்த ஊர்க்காரர்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை: இந்தப் பகுதியின் பல மீன் வறுவல் கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். மீனும் அதில், உருளைக்கிழங்கும் அதில். 'எதில் பொரிக்கிறீர்கள், தாவர எண்ணெயா' என்று கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பப்புக்குப் போகிறவர்கள் கதவில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு நுழையுங்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் 'உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை. கடற்கரைப் பக்கக் கடைகளில் பொதுவாகச் சிக்கல் இருப்பதில்லை.

6. வாசலில்

2:30க்குள் வந்துவிடுங்கள். வெளியூர் ரசிகர்களுக்கு ஒரு கோலுக்குப் பின்னால் உள்ள ஆஸ்மண்ட் ஸ்டாண்டில் இடம். டிக்கெட்டில் எந்த நுழைவாயில் எண் என்று இருக்கும், அதே வாயிலில்தான் திறக்கும். மைதானம் வீடுகளுக்கு நடுவே இருப்பதால் தவறான சந்தில் நுழைந்தால் சுற்றி வர நேரமாகும். மஞ்சள் மேல்சட்டை போட்ட ஸ்டூவர்டிடம் 'அவே எண்ட்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், கை காட்டிவிடுவார்.

சோதனை செய்வார்கள். தண்ணீர்ப் பாட்டில் வைத்திருந்தால் மூடியைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள், மூடியோடு இருந்தால் எறியலாமாம். நம் நிறத்தைப் பார்த்துத்தான் சோதிக்கிறார்களோ என்று முதல் தடவை எனக்குக் குறுகுறுத்தது. பிறகு வரிசையில் முன்னும் பின்னும் கவனித்தேன், பாட்டியின் கைப்பையைக்கூட விடவில்லை.

7. உள்ளே

ஆஸ்மண்ட் ஸ்டாண்ட் பழைய, தாழ்ந்த கூரை, கூரையைத் தாங்கத் தூண்கள். தூணுக்குப் பின்னால் இருக்கை அமைந்தால் பாதி கோல் தெரியாது. இருக்கை எண்ணைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை, கூட்டம் குறைவென்றால் நகர்ந்துகொள்ளலாம். எல்லாம் இருக்கைதான் என்றாலும் வெளியூர் ரசிகர்களில் பாதிப் பேர் கடைசி வரை நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள், ஆகவே குழந்தையோடு போனால் முன்வரிசையைப் பிடியுங்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று மான்செஸ்டர் யுனைடெட் வந்து 2-2 ஆகி, பெனால்டியில் 12-11 என்று தோற்றுப்போனது இதே மைதானத்தில்தான் என்பதை நினைத்துக்கொண்டால் தூண்கூடக் கொஞ்சம் மரியாதையாகத் தெரியும்.

இங்கிலாந்து மைதானங்களில் சாப்பாடு என்றால் பை, அதாவது உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட மாவுப் பண்டம், விலை நான்கைந்து பவுண்டு. ஸ்டேக் என்றால் மாடு. 'இறைச்சி, உருளைக்கிழங்கு' என்று மட்டும் போட்டிருந்தாலும் பெரும்பாலும் மாடுதான். சிக்கன் பால்ட்டி, அதாவது கோழி மசாலா வைத்த பை, பல இடங்களில் கிடைக்கும், குழம்பு என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனாலும் அந்தக் குளிரில் இறங்கும். முதல் கடியில் நாக்கு வெந்துபோகும், ஓரத்தைக் கடித்து ஆவியை வெளியே விடுங்கள். சூடாக எல்லாரும் கருப்பாக ஏதோ குடிக்கிறார்களே, காப்பி போல என்று வாங்கிவிடாதீர்கள், அது பாவ்ரிலாக இருக்கும், மாட்டிறைச்சிச் சாறு. என்னோடு வந்த சுத்த சைவ நண்பர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் கேட்டார். ஹலால் பார்க்கிறவர்கள் வெளியே சாப்பிட்டுவிட்டு வருவதே நிம்மதி.

பியர் விற்றாலும் ஸ்டாண்டுக்குக் கீழே உள்ள நடைபாதையில்தான் குடிக்க வேண்டும். ஆடுகளம் கண்ணில் படுகிற இடத்துக்குக் கோப்பையோடு வந்தால் குற்றம்.

8. விசாவில் இருக்கிறவர்களுக்குத் தனியாக

மாணவர் விசா, வேலை விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தால் பக்கத்தில் இருக்கிற பையன்கள் வேலியைத் தாண்டி ஆடுகளத்துக்குள் ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். காரணமில்லாமல் ஆடுகளத்தில் கால் வைப்பது 1991 சட்டப்படி குற்றம். பொருளை எறிவதும் இனவெறிக் கோஷமும் அதே சட்டத்தில் வரும். புகைக்குண்டைப் பையில் வைத்துக்கொண்டு நுழைய முயல்வதே குற்றம், கொளுத்தியிருக்கக்கூட வேண்டாம். தண்டனை கிடைத்தால் மைதானத் தடை குறைந்தது மூன்று வருடம், அது போகட்டும். அடுத்த விசா விண்ணப்பத்தில் 'குற்றத் தண்டனை உண்டா' என்ற கேள்விக்கு நீங்கள் பதில் எழுத வேண்டும். உள்ளூர்ப் பையனுக்கு அது ஒரு கதை, நமக்கு அப்படியில்லை.

இனவெறிப் பேச்சை நீங்களே கேட்க நேர்ந்தால் பதிலுக்குக் கத்த வேண்டாம். இருக்கை வரிசை, நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு ஸ்டூவர்டிடம் சொல்லுங்கள், அணிகள் இதற்கென்று குறுஞ்செய்தி எண்ணும் வைத்திருக்கும், கிக் இட் அவுட் அமைப்பிடமும் புகார் கொடுக்கலாம். என் அனுபவத்தில் பெரும்பாலும் நடந்தது வேறு: 'இவ்வளவு தூரம் பார்னெட்டுக்காகவா வந்தாய்' என்று பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

9. திரும்புதல்

3 மணி ஆட்டம் என்றால் கூடுதல் நிமிடங்களோடு 5 மணியை ஒட்டி முடியும். வெளியே வர ஐந்து பத்து நிமிடம், நிலையத்துக்கு 25 நிமிடம். 5:45க்கு முந்தின ரயிலை அட்வான்ஸில் போடாதீர்கள். சில ஆட்டங்களில் உள்ளூர்க் கூட்டம் கலையும் வரை போலீஸ் நம்மைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கவும் செய்யும். நிலையம் வரை மஃப்ளரைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு நடப்பது என் வழக்கம், குறிப்பாக ஜெயித்த நாட்களில்.

ரயில் தாமதமானால் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிறுவனத்தைப் பொறுத்து 15 அல்லது 30 நிமிடத் தாமதத்திலிருந்தே இழப்பீடு உண்டு, 28 நாளுக்குள் இணையத்தில் கேட்க வேண்டும். டான்காஸ்டரில் இணைப்பு ரயிலை விட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வீடு சேர்ந்தால், மொத்தப் பயணத் தாமதத்துக்கும் சேர்த்து, முதலில் தாமதம் செய்த நிறுவனத்திடம் கேளுங்கள். எனக்கு ஒரு தடவை வந்த தொகையில் அடுத்த மேட்சின் டிக்கெட்டை வாங்கினேன்.